மாமனாரின் பியட்டைப் பத்திரப்படுத்திய கதை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றுவரை ஸ்டீயரிங் பிடித்ததில்லை. இருந்தும் ஒரு காரை நாசம் பண்ணியிருக்கிறேன். எதன்மேலும் மோதவில்லை, எங்கும் கவிழ்க்கவில்லை, ஒரு கீறல்கூடப் போடவில்லை. பத்திரமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கார் என் மாமனாருடையது. பாட்டில் பச்சை நிறத்தில் பழைய பியட். என் வீட்டுக்காரர் பிறந்த அதே மாதம் வாங்கியது. இரண்டில் எதை மாமா அதிகம் கொஞ்சினார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை (பதில் தெரியும்). மாமா கோயமுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். காரில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொழுதோட அத்தையை முன்சீட்டில் உட்கார வைத்து அவிநாசி ரோட்டுப் பேக்கரி ஒன்றுக்குக் கூட்டிப்போவார். இருவரும் கீழே இறங்க மாட்டார்கள். டீயும் தேங்காய் பன்னும் காருக்கே வரும்.

அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது. மாமா பேசுவதும் ஏறக்குறைய நின்றுபோனது. தினமும் காலையில் காரை ஸ்டார்ட் செய்வார். பத்து நிமிடம் இன்ஜின் ஓடும். ஆஃப் செய்துவிட்டு உள்ளே வந்து பேப்பரைப் பிரிப்பார். காரில் எங்கும் போக மாட்டார். முன்சீட்டின் அரக்கு நிற ரெக்சின் உறையை அத்தைதான் பார்த்துப் பார்த்து எடுத்தாராம். அந்தப் பக்கக் கதவை மாமா யாருக்கும் திறந்துவிட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் வீடு சிங்காநல்லூரில் கொஞ்சம் பள்ளமான தெருவில் இருக்கிறது. ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் போர்ட்டிகோவரை வந்து எட்டிப்பார்க்கும். ஒவ்வொரு வருசமும் மழை வலுத்ததும் மாமா காரை மேட்டுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். நான் சொல்லும் வருசம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். புரட்டாசிக் கடைசியில் தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு அந்தக் காரின் கியர் பிடிபடாது. காரை எங்கே விடுவது என்று சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது.

"என்ற தம்பி ஷெட்டு காலியாத்தானுங் கெடக்குது" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாம். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் பிறந்தது காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மழையைப் பார்த்தால் மக்கள் போட்டோ எடுக்கும் ஒரு ஊரில். கல்யாணமாகி ஒன்பது வருசத்தில் என் பிறந்த வீட்டைப் பற்றி இந்த வீட்டில் யாரும் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிறைவாகவும் சொன்னதில்லை. 'ரொம்பத் தூரம்' என்று மட்டும் சொல்லுவார்கள். அந்தத் தூரத்து ஊர் ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

என் தம்பி மோகன் பிராய்லர் கோழி வளர்த்துக்கொண்டிருந்தவன். கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் தருவார்கள். நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கூலி. இரண்டு வருசத்துக்கு முன் அந்தக் கம்பெனி கடையைக் கட்டியதோடு ஷெட்டும் சும்மா கிடந்தது. மேட்டு நிலம், சிமெண்டுத் தரை, ஒழுகாத கூரை. குப்பை அள்ளும் டிராக்டர் போய்வர அகலமான வாசல். காருக்கென்றே கட்டினது போல இருக்கும்.

மாமா ரொம்ப நேரம் மோரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க தம்பிக்கு ஒண்ணும் தொந்தரவு இருக்காதுங்களா கண்ணு?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங் மாமா. கண்ணு மாதிரி பாத்துக்குவான்."

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் முறைப்படி செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பது எப்படி என்று வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைக்காரர், ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரம் பனி கொட்டிக்கிடக்க, தன் காரை எப்படித் தூங்கவைப்பது என்று நிதானமாக விளக்கினார். நான் நோட்டுப் போட்டு எழுதினேன். பெட்ரோல் டேங்கை நிரப்பு. சைலன்ஸர் வாயில் துணி அடை. உள்ளே அந்துருண்டை போடு. கண்ணாடியை ஓரங்குலம் இறக்கி வை. மொத்தம் பதினெட்டு பாயிண்ட். டைப் அடித்து, மேலே 'பனிக்காலப் பாதுகாப்பு' என்று தலைப்புக் கொடுத்து, லேமினேஷன் வேறு பண்ணினேன்.

மாமா அதை வாங்கி முழுசாகப் படித்தார்.

"இதுல பனிங்கறது எந்தப் பனி கண்ணு?"

"பனிதானுங் மாமா. நம்மூர்லயும் மார்கழில பேயுதில்லீங்களா?"

அவர் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் ஃபேனைப் பார்த்தார்.

பதினொன்றாவது பாயிண்ட்டில்தான் என் தலைவிதி இருந்தது. 'சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கட்டைமேல் நிறுத்தவும். இல்லையேல் டயர் ஒரே பக்கம் அமுங்கிவிடும்.' மெக்கானிக் காரை ஓட்டிப்போய் ஷெட்டுக்கு நட்டநடுவில் நிறுத்தினார். ஜாக்கி போட்டுத் தூக்கி, நான்கு மூலைக்கும் ஹாலோபிளாக் அடுக்கி, சக்கரங்களைக் கழற்றினார். "மூணு மாசத்துக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பட்டியலைக் காட்டினேன்.

சக்கரத்தை அங்கேயே வைத்தால் யாராவது எடுத்துப்போய்விடலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். (அந்தக் காட்டில், அந்த வயசுக் காரின் சக்கரத்தை, யார் எடுப்பார்கள்? தெரியவில்லை.) ஆகவே நான்கு சக்கரங்களையும் பேட்டரியையும் வாடகை வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூருக்கே கொண்டுவந்தேன். வைக்க இடமில்லாததால் மாமாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆஸ்பத்திரியிலிருந்து முழங்காலில் கட்டோடு வந்த மனுசரைத் தன் காரின் சக்கரங்களுக்கு மேலேயே படுக்கவைத்த மருமகள், தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பட்டியலைக் காரின் உள்கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டு வந்திருந்தேன், மோகன் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்று.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் வந்தது. போர்ட்டிகோவில் கணுக்கால் அளவு நின்றபோது, நான் மாமா அறை வாசலில் போய், "நல்லவேளைங் மாமா, வண்டி இங்கெ இல்ல" என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு ஒரு முழம் வளர்ந்தது போல் இருந்தது.

ஞாயிறுதோறும் மோகனுக்குப் போன் போடுவேன், மாமா காதில் விழும்படி ஸ்பீக்கரில்.

"கார் எப்படீடா இருக்குது?"

"இருக்குதுக்கா."

கார்த்திகை பக்கம் வந்தபோது அவன் குரலுக்குப் பின்னால் கீச்சுக்கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னடா அது சத்தம்?"

கொஞ்சம் யோசித்தான். "சிட்டுக்குருவிக்கா."

நான் போனை வைத்துவிட்டு மாமாவிடம், "நல்ல காத்தோட்டமான எடமுங் மாமா. குருவியெல்லாம் வருது பாருங்க" என்றேன். மாமா அன்றைக்கு லேசாகச் சிரித்தார். அத்தை போன பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

மார்கழி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். "வண்டியப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே ஒரு டாக்ஸி வைத்தோம். மோகனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒறம்பறை வருகிறது என்று மெனக்கெட்டு விருந்து சமைத்துவைப்பார்கள், எதற்குச் சிரமம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். நான் எடுத்த முடிவுகளில் எது மோசம் என்று வரிசைப்படுத்தச் சொன்னால் குழம்பிப்போவேன்.

காங்கேயம் தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. வானம் அடுப்புச்சாம்பல் நிறத்தில் இறங்கிக்கிடந்தது. தோட்டத்துத் தடத்தில் டாக்ஸி திரும்பியபோது முதலில் வந்து எங்களை வரவேற்றது நாற்றம். கண்ணைக் கரிக்கிற நாற்றம். வருசா வருசம் பத்தாம் வகுப்புக்கு அந்த அம்மோனியாவைப் பற்றி நான் பாடம் நடத்துகிறேன். 'நிறமற்றது, நெடியுடையது' என்று போர்டில் எழுதுவேன். அது என்னவென்று என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. என் மூளைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

தம்பி மனைவி ரேவதி தீவனச் சட்டியோடு ஷெட்டிலிருந்து வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தாள். "வாங்க மாமா, வாங்கண்ணா, வாங்கண்ணி" என்று மூன்று பேருக்கும் முறை தவறாமல் சொன்னாள்.

மாமா ஷெட்டை நோக்கி நடந்தார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று நாலாயிரம் கோழி. தரை என்று ஒன்று கண்ணில் படவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் பச்சைத் திட்டு ஒன்று தெரிந்தது. கார் உறை ஒருபக்கம் சரிந்து தொங்க, பானெட்மேல் ஏழெட்டுக் கோழி உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் கூரைமேல் ஏறி நின்றது. எப்படி ஏறியது என்று தெரியவில்லை. பிராய்லர் கோழிக்கு அவ்வளவு உயரம் ஏற முடியாது என்று மோகன் பிற்பாடு சத்தியம் செய்தான்.

எலி, அணில், கரையான் எல்லாம் பட்டியலில் இருந்தன. கோழியைப் பற்றி அந்த வெள்ளைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மோகன் பம்ப்செட் பக்கமிருந்து ஓடிவந்தான். மாமாவின் காலடியில் பார்வையை வைத்துக்கொண்டு பேசினான்.

"ஐப்பசிக் கடைசில ஒரு புதுக் கம்பெனிக்காரங்க வந்தாங்க மாமா. இப்ப குஞ்சு எறக்குனா எறக்கறது, இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்ன்னாங்க. ரெண்டு வருசமா வெறும் ஷெட்டு. உட மனசில்லீங்க. வண்டிய நவுத்தி வீட்டுக்கிட்ட நிறுத்தலாம்னு பாத்தா..." அவன் என்னைப் பார்த்தான். "சக்கரம் இல்லீங்க."

கோழிகள் மட்டும் பேசின.

"அக்காகிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாப்ள?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மாமா ஆஸ்பத்திரில இருந்து வந்து படுத்திருக்கறப்ப, கட்டிலுக்கடியிலிருந்து சக்கரத்த உருவிக் குடுங்கன்னு எப்படிங்க மச்சான் கேக்கறது?"

முதலில் காரைச் சுற்றி வலை கட்டியிருக்கிறான். குஞ்சுகள் வந்து ஐந்தாம் நாள் பெருமழை. மூன்று நாள் கரண்டு இல்லை. சூட்டுக்குப் போட்ட பல்புகள் அணைந்துபோக, குஞ்சுகள் குளிரில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாக ஆரம்பித்திருக்கின்றன. அப்போதுதான் ரேவதிக்கு அந்த யோசனை வந்தது. காரில் நான்கு பக்கமும் கதவு, மேலே கூரை. கண்ணாடி ஓரங்குலம் மட்டும் இறங்கியிருந்தது. அவள் ரொம்பச் சோர்ந்த குஞ்சுகளாகப் பொறுக்கி, கூடை கூடையாகக் காருக்குள் கொட்டினாள். நடுநடுவே சாக்கில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களை வைத்தாள். மூன்று நாளும் அவைகளுக்குத் தண்ணீரும் தீவனமும் அங்கேயே. அதற்காக அவிழ்த்த வலையைத் திரும்பக் கட்ட யாருக்கும் நேரமில்லை.

மாமா ஷெட் வாசல் வலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கோழிகள் அவருக்கு வழிவிட்டன. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். சீட்டு, தரை, டாஷ்போர்டு, கியர் தடி எல்லாவற்றின்மேலும் காய்ந்த எச்சம். முன்சீட்டில் ரெக்சினைக் கொத்திக் கொத்தி உள்ளே இருந்த நாரை வெளியே இழுத்துப் போட்டிருந்தன. அரக்கு நிறம் அங்கங்கே துண்டாகத் தெரிந்தது. குரோமியம் எல்லாம் அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. உள்கண்ணாடியில் என் லேமினேஷன் பட்டியல் மட்டும் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. அழுக்குக்கு மேலே ஒரு வரி தெளிவாகத் தெரிந்தது: 'காற்றோட்டம் மிக முக்கியம்.'

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து அத்தை உட்காரும் பக்கத்தைத் துடைத்தார். எச்சம் போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தார். பிறகு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ரொம்பப் புத்தி வேண்டியதில்லை. எனக்கு அந்த அளவும் இல்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"சக்கரம் நாலும் பத்திரமா இருக்குதுங் மாமா" என்றேன்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ரேவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. நான் அத்தோடு விடாமல், "பேட்டரியும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. ரேவதியிடம் திரும்பினார்.

"எத்தன குஞ்சு உள்ள உட்டீங்க அம்மணி?"

"நானூறு இருக்குமுங்."

"பொழச்சுதுங்களா?"

"ஒரு முப்பது போச்சுங்க மாமா. மத்ததெல்லாம் பொழச்சிருச்சுங்."

சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். டாக்ஸியில் போய் உட்கார்ந்துகொண்டார். ரேவதி சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. என் பிறந்த வீட்டிலிருந்து நான் பசியோடு திரும்பியது அந்த ஒருநாள்தான்.

திரும்பும் வழி முழுக்க வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. பல்லடத்துக்கிட்ட நான், "மாமா..." என்று ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "உடு" என்றார்.

அந்த மார்கழி எப்படிப் போனது என்று நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. மாமா என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், டம்ளரைக் கழுவி வைத்துவிடுவார். முன்னெல்லாம் கழுவ மாட்டார். நான் கழுவ வேண்டியது ஒரு டம்ளர் குறைந்ததற்காகப் பள்ளிக்கூட லேபில், அமிலப் பாட்டில்களுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒரு பிள்ளை வந்து, "மிஸ், கேஸ் லீக்குங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஹெட்மிஸ்ட்ரஸ்வரை விசயம் போய்விட்டது. அது தனிக் கூத்து.

கோழிகளைப் பிடித்துப்போன பிறகு காருக்குச் சக்கரம் மாட்டி, வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மூன்று தடவை வாட்டர் சர்வீஸ். சீட்டுகளை அடியோடு பிய்த்துப் புதிதாக அடித்தோம். அரக்கு நிறத்திலேயே ரெக்சின் தேடினேன். அதே அரக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட அந்த நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தபோது மாமா தொட்டுப் பார்த்து, "ஆகட்டும்" என்றார். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்றம்தான் போகவில்லை. தகட்டின் மடிப்பு, கதவுக்குள் இருக்கும் இடுக்கு, எங்கோ உள்ளே போய்க் குடியேறிவிட்டது. வெயில் நாளில் தெரியாது. மழைக்காற்று அடித்தால் வீடே கோழிப்பண்ணைதான்.

பொங்கல் கழிந்து மாமாவின் பங்காளி வீட்டு ஒறம்பறை வந்திருந்தார்கள். வெளியே பருவம் தப்பின மழை. வந்தவர்களில் பெரியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சி, தன் செருப்பைத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் உறிஞ்சி, "ஏனுங், என்னமோ ஒரு வாசம் வருதுங்களே?" என்றார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பூமி பிளந்தால் தட்டோடு உள்ளே போயிருப்பேன்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். போர்ட்டிகோவைக் கைகாட்டினார்.

"மருமக பொறந்த ஊட்டுச் சீருங்க."

என் வீட்டுக்காரர் முதலில் வெடித்தார். பிறகு எல்லோரும். மாமா சிரிக்கவில்லை. ஆனால் என் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டபோது என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு அவர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதன்பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் இந்த நாடகம் உண்டு. மோகன் வந்தாலும் உண்டு, அவனே சேர்ந்து சிரிப்பான். அவனுடைய அந்த பேட்ச் நன்றாக வந்ததாம். அதற்குப் பிறகு ஷெட் காலியாகவே இல்லை.

இப்போது மாமாவுக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் பார்வை ஒரு காரணம். ஞாபகம் இன்னொன்று. சாப்பிட்டாரா என்று அவருக்கு நினைவிருப்பதில்லை. சில நாள் என் பெயரைத் தேடுகிறார், தேடிக் களைத்து 'கண்ணு' என்று முடித்துக்கொள்கிறார். கார் போர்ட்டிகோவிலேயே நிற்கிறது. எங்கேயாவது பத்திரமாக வைக்கலாம் என்று இந்த வீட்டில் இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் நல்ல மழை. மாடிக்குக் குடிவரப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் துப்பட்டாவை மூக்கருகில் கொண்டுபோய், "இது என்ன ஸ்மெல்லுங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த மாமா நிமிர்ந்தார். கை தானாகப் போர்ட்டிகோப் பக்கம் நீண்டது.

"மருமக..." என்றார். அதற்குமேல் வரவில்லை. வாயை அசைத்தார். கை அந்தரத்திலேயே நின்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பொறந்த ஊட்டுச் சீருங்க" என்றேன் நான்.